இருநூற்றொன்றாம் எண் மிதவை

ஆறு கடலில் சேரும் ஊர்களில் மட்டும் காணக்கிடைக்கும் ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன், வாசகரே. நண்டு என்று நினைத்துவிடாதீர்கள். நண்டுக்கு ஆபத்து வந்தால் ஒதுங்கத் தெரியும். நான் சொல்வது முகத்துவார ஆய்வாளரை. மழைக்காலம் முடிந்ததும் வருவார். அகலத் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பென்சில், சட்டைப்பையில் நான்கு பேனா, படகு கொள்ளாத அளவுக்குக் காலிப் புட்டிகள், எல்லாவற்றுக்கும் மேல் குளிக்கும்போதுகூடக் கழற்றாத ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. தண்ணீரைக் கண்டதும் புட்டியில் அடைப்பார். அடைத்த பிறகு ஆற்றை மறந்துவிட்டுப் புட்டியைப் பார்க்கத் தொடங்குவார்.

வோல்ட்டா ஆறு கடலைத் தொடும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தவர் டாக்டர் சாக்கிட்டே. நான் அவருடைய படகோட்டி. "பசிக்குதா ஐயா?" என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். உப்பு அளக்கும் கருவியில் பேட்டரி தீர்ந்த அன்று, ஆற்றில் உப்பு அறவே இல்லை என்று குறித்துக்கொண்டார். நான் ஒரு கை அள்ளி நக்கிப் பார்த்தேன்.

"கரிக்குதே ஐயா!"

"அது உங்க நாக்கோட கருத்து," என்றார்.

நாக்குக்கே இந்த மரியாதை என்றால் கண்ணுக்கும் காலுக்கும் என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகமுடியாமல் போனதற்குக் காரணம் மணல். முகத்துவாரம் மணலால் அடைபட்டுக்கொண்டே வந்ததால் அதைத் தோண்டுவதென்று மாவட்ட மன்றம் முடிவு செய்தது. தோண்டிய மணலை எங்கே கொட்டுவது? நீரோட்டமே இல்லாத செத்த தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே. அது எங்கே இருக்கிறது? டாக்டர் சாக்கிட்டே சொல்வார். இப்படியாக, உப்புக் கரிப்பதை நம்பாத மனிதர் கையில் எங்கள் ஆறு ஒப்படைக்கப்பட்டது.

அவர் இருநூறு ஆரஞ்சுப் பழங்கள் வாங்கினார். சிரிக்காதீர்கள், இது உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். ஆரஞ்சு தண்ணீரில் பாதி முங்கி மிதக்கும். காற்று அதைத் தள்ளாது, நீரோட்டம் இழுத்த இடத்துக்குப் போகும். ஒவ்வொன்றின் மேலும் அழியாத மையால் எண் போட்டு, ஆற்றின் நான்கு மூலைகளில் மிதக்கவிட்டார். "பழம் கண்டவர்கள் சந்தைத் துறையில் உள்ள மேஜைக்குக் கொண்டுவரவும்" என்று ஊரெல்லாம் அறிவிப்பு ஒட்டினார். புதன்கிழமை சந்தை கூடியது. மீனவர்களும் வலைக்காரர்களும் மட்டி பொறுக்கும் பெண்களும் நூற்றறுபது பழங்களைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார்கள். மீதி நாற்பது, எண் போட்ட தோலை வட்டமாகச் சீவிவிட்டு, மேலே துளை போட்டு உறிஞ்சப்பட்டன. அந்த நாற்பதும் "ஆழத்தில் மூழ்கின" என்று டாக்டர் எழுதினார்.

வந்த பழங்களுக்கு நேராக அவர் எழுதியதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சேர்ந்த இடம்: சந்தைத் துறை. சேர்ந்த இடம்: சந்தைத் துறை. நூற்றறுபது முறை.

"ஐயா, எங்க எடுத்தீங்கன்னு அவங்களைக் கேக்க வேண்டாமா?"

"கேட்டா கதை சொல்லுவாங்க. பழம் பொய் சொல்லாது."

அடுத்த வாரம் வரைபடம் தயார். ஆற்றின் எல்லா மூலையிலிருந்தும் அம்புக்குறிகள் புறப்பட்டுச் சந்தைத் துறையில் வந்து குவிந்தன. உலகத்திலேயே நிலாவுக்குக் கட்டுப்படாமல் புதன்கிழமைக்குக் கட்டுப்படும் நீரோட்டம் எங்கள் ஊரில்தான் என்று அவருக்கு ஒரே பெருமை. ஓர் அம்புகூடத் தொடாத இடம் ஒன்று இருந்தது. அதில் சிவப்பு மையால் "செத்த தண்ணீர்" என்று எழுதியிருந்தார்.

அது மாம்லே அக்காவின் மட்டிப் பாத்தி.

மாம்லே அக்கா குஞ்சு மட்டிகளைப் பொறுக்கிவந்து, மூங்கில் குச்சி நட்டு எல்லை கட்டிய ஆற்றுப்படுகையில் விதைத்து, இரண்டு வருடமாக வளர்த்து வந்தார். எடுக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதன்மேல் மணல் விழுந்தால் அத்தனையும் மூச்சு முட்டிச் சாகும். செய்தி கேட்டதும் கூடையோடு நேராக மேஜைக்கு வந்தார்.

"தம்பி, என் பாத்திக் குச்சியில மட்டும் முப்பது பழம் ஓட்டத்தோட வந்து முட்டிக்கிட்டு நின்னுச்சு. நான்தான் கூடையில அள்ளிக் கொண்டாந்தேன்!"

"கொண்டு வந்தீங்க இல்ல? அப்போ சந்தைத் துறைக்கு வந்துச்சுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"கடல் ஏத்தம் வந்தா கணுக்கால்ல ஜில்லுன்னு கடல் தண்ணி அடியில உள்ள வரும். முழங்காலுக்கு மேல ஆத்துத் தண்ணி வெதுவெதுன்னு வெளிய போவும். நாப்பது வருசமா நிக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"உங்க கணுக்காலைச் சரிபார்த்த சான்றிதழ் இருக்கா அம்மா?"

மாம்லே அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். எனக்கு டாக்டர்மேல் வந்த கோபத்தில் துடுப்பை ஒளித்து வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் மணல் கொட்டும் இடத்தில் கொடி நட டாக்டர் என் படகில் புறப்பட்டார். கடல் வற்றம் தொடங்கிய நேரம். பெண்கள் பாத்தியைச் சுற்றி இரண்டு தோணிகளில் உட்கார்ந்திருந்தார்கள். "செத்த தண்ணிதானே, இறங்கியே நடறேன்," என்று சொல்லிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினார். கொடியைத் தூக்கினார். அவ்வளவுதான். செத்த தண்ணீர் அவரைக் கொடியோடு தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடியது. மிதவைச் சட்டை இருந்ததால் நேராக நின்றபடியே போனார். போகும்போதே கடிகாரத்தைப் பார்த்து, "பத்து மணி பன்னிரண்டு நிமிஷம்!" என்று கத்தினார். அந்தக் கடமை உணர்ச்சியை நான் மெச்சத்தான் வேண்டும்.

முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால் பெண்கள் அவரைப் பிடித்துத் தோணியில் போட்டார்கள்.

"இப்பச் சொல்லு தம்பி, ஓட்டம் இருக்கா இல்லையா?" என்றார் மாம்லே அக்கா.

டாக்டர் மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்தினார். "ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கு. தற்செயலா இருக்கலாம். குறைஞ்சது மூணு தடவை நடந்தாத்தான் ஆதாரம்."

மாம்லே அக்காவின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். டாக்டருடைய பேனாவையே வாங்கி, மிதவைச் சட்டையின் முதுகில் 201 என்று எழுதினார். "கையை நீ பிடி, காலை நான் பிடிக்கறேன்," என்றார் பக்கத்தில் இருந்தவளிடம். அறிவியலுக்குத் தேவையான மீதி இரண்டு தடவையும் பாத்திக்கே திரும்பிப்போய் அங்கிருந்து முறைப்படி நிறைவேற்றினார்கள். மூன்றாம் முறைக்குப் பிறகு நடுங்கிக்கொண்டு கிடந்தவரைப் பார்த்துப் பாவப்பட்டு, சூடாகக் கென்கே என்னும் சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் வாங்கிக் கொடுக்கத் தோணியைத் திருப்பினார்கள். கென்கே எங்கே கிடைக்கும்? சந்தைத் துறையில்தான்.

அறிக்கை வந்தது. மட்டிப் பாத்தியில் வலுவான நீரோட்டம் இருப்பதாக மூன்று சோதனைகளில் உறுதியானதால், மணலைப் பாழ்பட்ட உப்பளப் பள்ளத்தில் கொட்டும்படி டாக்டர் எழுதியிருந்தார். மாம்லே அக்கா அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு அழுதுவிட்டார். அடுத்த வரியை நான் அவருக்குப் படிக்கவில்லை. உங்களுக்குப் படிக்கிறேன்: "குறிப்பிடத்தக்க வகையில், 201-ஆம் எண் மிதவையும் கடைசியில் சந்தைத் துறையையே அடைந்தது. புதன்கிழமைக் கோட்பாடு மேலும் வலுப்பெறுகிறது."

நன்றாகச் சிரித்தீர்களா? நானும் சிரித்தேன். பிறகு, ஆய்வாளர்கள் எல்லோருமே இப்படித்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன். "எத்தனை ஆய்வாளரைப் பாத்திருக்கீங்க?" என்று கேட்டாள். ஒருவரைத்தான். எழுந்துபோய்ச் சட்டையைக் கழற்றி, முதுகுப்பக்கம் எண் ஏதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். நீங்களும், உலகத்தில் நடப்பதெல்லாம் கடைசியில் நீங்கள் முன்பே சொன்ன இடத்தில்தான் வந்து சேர்கிறது என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றினால், ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருநூற்றிரண்டு இன்னும் யாருக்கும் தரப்படவில்லை.