ஆறாவது வித்தியாசம்

"ஆறு வித்தியாசம் கண்டுபிடிங்கன்னு போட்டுட்டு அஞ்சுதான் வரைஞ்சிருக்கீங்க. நாலு வாரமா இதே கூத்து. எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

ஆசிரியரின் மூக்கு நுனி சிவந்திருந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கென்றே நடக்கும் அந்த வார இதழுக்கு அவர் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இதழ் வெளியாகும் புதன்கிழமைதோறும் காலையிலிருந்தே போன் அலறும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஆறாவது எங்கே என்று. வரவேற்பறையில் அமர்ந்து சளைக்காமல் பதில் சொல்பவரை அலுவலகமே அக்கா என்றுதான் கூப்பிடும்.

"விட்டுப்போச்சு சார்" என்றார் ஓவியர், தூரிகையைத் துடைத்தபடி. முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை.

அடுத்த இதழில் ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார், படத்தில் இருந்தவை ஐந்துதான் என்று. அதுவே வினையாயிற்று. தாங்கள் ஆறாவதைக் கண்டுபிடித்துவிட்டதாக முப்பது பேர் சண்டைக்கு வந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பூனைக்கு மீசையில் ஒரு முடி குறைகிறது என்றார். அது அச்சில் மை விழாத இடம் என்று ஆசிரியர் விளக்கியதும், அப்படியானால் அது வித்தியாசம் இல்லையா என்று மடக்கினார்.

ஆசிரியர் தாமே பேனாவை எடுத்தார். அடுத்த படத்தில் ஆறாவது வித்தியாசமாக, ஒரு பக்கப் பூனைக்கு மட்டும் தொப்பி போட்டார். போதாததற்கு விடைகளையும் படத்தின் கீழேயே தலைகீழாக அச்சிட வைத்தார்.

அந்தப் புதன்கிழமை போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. வியாழனும் அப்படியே. ஜெயித்த தெம்பில் அவர் பழைய இதழ்களைப் புரட்டினார். பதினெட்டு வருஷமாக வாரம் தவறாமல் ஐந்துதான். அவருக்கு ரத்தம் கொதித்தது. வயதானவர்களைப் போய் ஒருவன் ஏய்ப்பானா? அந்தச் சூட்டிலேயே ஓவியருக்கு வேலைநீக்கக் கடிதம் எழுதி, கொண்டுபோய்க் கொடுக்கும்படி அக்காவிடம் நீட்டினார்.

அக்கா கை நீட்டவில்லை.

"அவர் வேணும்னேதான் சார் ஒண்ணைக் குறைச்சுப் போடுறார். வெளியில சொல்லக் கூடாதுன்னுட்டார். கூப்பிட்டு நாலு வார்த்தை பேச அவங்களுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல."

"எவங்களுக்கு? பேச ஆளில்லாம எந்த அநாதைங்க நமக்குப் போன் பண்றாங்க?" என்று சீறினார் ஆசிரியர்.

அக்கா தயங்கினார்.

"நீங்க வந்ததிலிருந்து புதன்கிழமை முதல் போன் உங்க அம்மாதான் சார். ஆறாவது எங்கேன்னு கேப்பாங்க, அப்புறம் எம்புள்ள சாப்பிட்டானான்னு கேப்பாங்க."