மின்மூளைக்கு மிளகாய்ப் புகை

சென்னைக்கே சரியாக வந்து சேராத கம்ப்யூட்டர், செஞ்சி சந்தைத் திடலில் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தது.

பீரோ அளவுத் தகரப் பெட்டி. நெற்றியில் சிவப்பு பல்பு. நட்சத்திரத்தை எழுதி வாயில் போட்டால் உள்ளே கடகடவென்று உருட்டி, அவரவர் தலையெழுத்தைச் சதுரங்கப் புதிராகக் கட்டித் துப்பும். ஜெர்மனிக்காரன் செய்த மின்மூளை என்றார் அதைக் கொண்டுவந்த புரொபசர் ஆதிமூலம். அவர் எதற்குப் புரொபசர் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அவலூர்பேட்டை, பனமலை ஜனமெல்லாம் பஸ் கூரைமேல் வந்து இறங்கியது. சதுரங்கம் ஆடத் தெரிந்தவர் அதில் ஒருவருமில்லை. ஆனால் ராஜா செத்தால் என்ன ஆகும் என்று கோட்டை ஊர்க்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டுமா?

பவுனம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர் கன்னியப்பன். அவளாகவே பார்த்துப் பிடித்துப்போனவன். மின்மூளையையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார் அவள் அப்பா துரைக்கண்ணு. மாப்பிள்ளையின் நட்சத்திரம் உள்ளே போனது. புதிர் வெளியே வந்தது. ஆதிமூலம் உதட்டைப் பிதுக்கினார். இரண்டே நகர்த்தலில் ராஜா காலி. ஆகவே இரண்டே வருஷத்தில் மாப்பிள்ளையும் காலி. கறவை மாட்டை ஓட்டிவந்து கட்டினால், ராஜா பிழைக்கிற மாதிரி வேறு புதிர் போடச் சொல்வாராம்.

துரைக்கண்ணுவுக்கு மாட்டை விட மனசில்லை. கல்யாணத்தை விடுவது சுலபமாகத் தெரிந்தது.

பவுனம்மாள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். தரையில் ஓடிய கரண்ட் ஒயரைப் பிடுங்கினாள். பல்பு அணைந்தது. அடுத்த ஆளின் புதிர் மட்டும் நிற்காமல் வந்து விழுந்தது. இனி ஊர் விழித்துக்கொள்ளும் என்று நினைத்தாள். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கரண்டே இல்லாமல் கணக்குப் போடுகிறதே என்று ஒருவர் சூடமே ஏற்றிவிட்டார்.

"அப்போ உள்ள காத்துதான் பூந்துட்டிருக்குது. ஓட்டிடலாம்," என்றாள் அவள்.

பேயோட்டுவதற்கு ஊரில் ஆட்சேபணை ஏது? நெருப்புச் சட்டியும் காய்ந்த மிளகாயும் தாமாக வந்தன. ஜெர்மனிக்குக் காரம் ஆகாது என்று புரொபசர் சொல்லிப் பார்த்தார். பவுனம்மாள் சட்டியைப் பெட்டிக்கு அடியில் தள்ளி முறத்தால் விசிறினாள்.

மின்மூளை முதலில் இருமியது. பிறகு தும்மியது. பிறகு சுத்தமான தமிழில் ஆதிமூலத்தின் தாயாரை விசாரித்தது. பின்கதவை உதைத்துக்கொண்டு பனியன் போட்ட ஆள் ஒருவன் வெளியே விழுந்தான். அவன் மடியிலிருந்து சீட்டுகள் கொட்டின. எல்லாம் ஒரே புதிர். ஊர் மொத்தத்துக்கும் ஒரே ராஜா, ஒரே சாவு. புரொபசரைத் தேடியபோது அவர் திண்டிவனம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

துரைக்கண்ணு மகளிடம் மெல்ல வந்தார். "தும்மல் சகுனம் நல்லா இல்லியேம்மா. கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளிப் போட்டுடலாமா?"

பவுனம்மாள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"நைனா, பொட்டிக்குள்ள மூளை இல்லன்னு பாத்தாச்சு. உன் மண்டையில இருக்குதான்னு நீயே யோசிச்சு சொல்லிடு. இல்லாட்டி மிளகா இன்னும் மிச்சம் இருக்குது."