பிளாக் நம்பர் இல்லாத குழந்தை

ஒரு குழந்தையின் இதய ஆபரேஷனைத் தள்ளிப்போக வைத்தவன் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் முப்பது வருடம், ஸ்டோர்ஸுக்கு வரும் போல்ட்டு நட்டுகளைச் சோதித்து, தேறாதவற்றை நிராகரித்து முத்திரை குத்துவதுதான் என் வேலை. ஓய்வு பெற்றதும் முத்திரை போய்விட்டது. கை மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. (அதைச் சொறியத்தான் வாட்ஸ்அப் வந்தது.)

ஒருநாள் எங்கள் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில், இணையத்தில் நிதி திரட்டும் பக்கம் ஒன்றைப் பகிர்ந்திருந்தார்கள். 'எட்டு வயது கயல், நெய்வேலி. இதயத்தில் ஓட்டை.' பலரும் பணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆராய்ந்தேன். பிளாக் நம்பர் இல்லை, குவார்ட்டர்ஸ் நம்பர் இல்லை. பிளாக் பிளாக்காகப் பிரித்த நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக் இல்லாமல் ஒரு மனிதர் இருக்க முடியுமா? போதாததற்குப் படத்தில் குழந்தை சிரிக்கிறது. பின்னால் கடைப்பலகையில் பக்கத்துக் கிராமத்தின் பெயர், 'முத்தாண்டிக்குப்பம்' என்று தெரிகிறது!

'முழு மோசடி. யாரும் ஏமாற வேண்டாம்' என்று எழுதினேன். கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. செய்தி எல்லா பிளாக்குகளுக்கும் பரவி, நன்கொடை நின்றே போனது.

அந்த போதையில், மோசடிக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க முத்தாண்டிக்குப்பத்துக்கு ஸ்கூட்டரை விட்டேன். வாசலில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்: "கொழந்தை படத்தைப் போட்டு ஏமாத்துற குடும்பம் எதும்மா?"

"அப்பிடித்தான் சொல்லிகினு இருக்காங்க. நாங்கதாங்க அது. உள்ள வந்து உக்காருங்க."

அவள்தான் தாய், செல்வி. உள்ளே, தலையணையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கயல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு வந்தாலும் சிரிச்சிடுவாளுங்க" என்றாள் செல்வி. ஆஸ்பத்திரி ஃபைலை நீட்டினாள். "பணம் சேரலைங்க. குடுத்த தேதியும் போயிடுச்சு."

"அப்புறம் ஏன் நெய்வேலின்னு போட்டீங்க?"

"முத்தாண்டிக்குப்பம்னா மெட்ராசுல யாருக்குங்க தெரியும்?"

முப்பது வருட அனுபவம் அங்கேயே செத்தது. "மோசடின்னு எழுதினது நான்தாம்மா" என்றேன்.

அவள் ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, "ஒரு நடை வந்து பாத்துட்டு எழுதியிருக்கலாங்களே" என்றாள்.

வீடு திரும்பியதும் குழுவில் எழுதினேன்: 'நான் எழுதியது தவறு. குழந்தையை நேரில் பார்த்தேன். தயவுசெய்து உதவுங்கள்.'

எதிர்வீட்டு சேகர் உடனே பதில் போட்டார்: 'யாரும் நம்பாதீங்க! சார் போனை ஹேக் பண்ணிட்டாங்க. தயவுசெய்துன்னு எழுதற ஆளா அவரு?' அதற்கும் கைதட்டல்.

'சேகர், நான்தான்யா!'

'திருடனும் இப்படித்தான் சொல்வான்னு சாரே எங்களுக்குச் சொல்லியிருக்காரு.'

மறுநாள் செல்வியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, ஃபைலோடு வீடு வீடாக அலைந்தேன். சேகர் கிரில் கேட்டைத் திறக்காமலே கேட்டார்: "ஓடிபி ஏதும் கேப்பீங்களா சார்?"

பணம் சேர்ந்தது. ஆபரேஷனும் நடந்தது, கொடுத்த தேதிக்கு மூன்று வாரம் கழித்து. அந்த மூன்று வாரமும் கயல் பட்ட மூச்சுத்திணறலை எந்த வாசலில் நின்று நான் திருப்பிக் கொடுக்க முடியும்? செல்வி அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. மன்னித்தேன் என்றும் சொன்னதில்லை.

ஆனால் வருடா வருடம் ஒரு பலாப்பழம் வருகிறது. தாயோடு பஸ்ஸில் வரும் கயல்தான் காம்பில் சீட்டுக் கட்டுவாள்: என் பெயர், பிளாக், தெரு, குவார்ட்டர்ஸ் நம்பர், பின்கோடு.

"அட்ரஸ் சரியா இருக்குங்களா தாத்தா? நல்லா பாத்துக்குங்க. அப்புறம் மோசடிப் பழம்னு எழுதிடப் போறீங்க."

முதலில் சிரிப்பவள் என் மனைவி. சீட்டை முழுதாகப் படித்து நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழம் வீட்டுக்குள் வரும்.