என்ர வழமையான சாப்பாடு

லண்டனைச் சுத்தி நாப்பது மைலுக்குள்ள நான் போகாத பப் இல்லை. வாசல் மட்டும்.

மினிகாப் ஓடுறவன்ர பிழைப்பு அது. ஆக்களைக் கொண்டுபோய் இறக்கிறது, பிறகு போய் ஏத்துறது. உள்ளுக்க என்ன நடக்குதெண்டு பின்சீற்றில இருந்து வாற கதையை வைச்சுத்தான் எனக்குத் தெரியும். பத்தொன்பது வருசமாக் கேட்ட கதை. நெருப்புக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டதெண்டுவினம். ஆட்டிறைச்சி வாயில வைக்கக் கரைஞ்சு போச்செண்டுவினம். பப்காரி தங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவ எண்டுவினம். நான் "ஓம் சேர், ஓம் சேர்" எண்டு கியரை மாத்துவன். வீட்டை வந்தா எனக்கு ஓட்ஸ் கஞ்சி. டொக்டர் கொலஸ்ரரோல் எண்டு ஒரு சொல்லைச் சொன்ன நாளில இருந்து என்ர மனிசி வசந்தமலர் எங்கட குசினியை ஆஸ்பத்திரி ஆக்கி வைச்சிருக்கிறா.

சொல்ல வெட்கமாக் கிடக்கு. எண்டாலும் சொல்லுறன். எப்பிடியும் இல்ஃபோர்ட்டில பாதிப்பேருக்குத் தெரிஞ்ச கதைதான்.

2009 டிசம்பரில பாரிசில இருந்து சகலன் பாலேந்திரா வந்து நிண்டார். மனிசியின்ர தமக்கை நகுலேஸ்வரியின்ர புருசன், மச்சாளும் கூட வந்தவ. இருபது வருசமா ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறண்டில குக். எங்கட வீட்டில எதை வைச்சாலும் முதல் மணந்து பாப்பார். பிறகு கரண்டி நுனியால தொட்டுப் பாப்பார். பிறகு "ம்" எண்டுவார். அந்த "ம்"மைக் கேட்டா மனிசன் பட்டினி கிடக்கலாம் போல இருக்கும். கலியாணம் கட்டின நாளில இருந்து இந்தாள் எனக்கு ஒரு படி மேலதான் நிக்கிறார். நான் பழைய கார் வாங்கினா அவர் புதுக் கார் வாங்குவார். எனக்குத் தடிமன் வந்தா அவருக்கு நிமோனியா வரும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்க மெல்லமா ஆரம்பிச்சார்.

"தம்பி கிருஷ்ணராசா, இவ்வளவு காலம் இஞ்ச இருந்து என்ன பிரியோசனம்? இந்த நாட்டுச் சனம் என்ன சாப்பிடுதெண்டு உமக்குத் தெரியுமோ? அப்டன் பார்க் சந்தையில முருங்கைக்காய் வாங்கத்தான் தெரியும்."

எனக்குச் சுட்டுப்போட்டுது. வாய் தன்ர பாட்டில திறந்துது.

"என்னண்ணை சொல்லுறியள். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா எப்பிங் பக்கம் ஒரு கன்ட்றி பப்பில நான் சாப்பிடுறனான். விறகு நெருப்பு எரியும். எனக்கெண்டு ஒரு கதிரை இருக்கு. நான் ஓடர் குடுக்கிறதே இல்லை. கண்டவுடன என்ர வழமையான சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பினம்."

குசினிக்குள்ள மனிசி இடியப்பம் பிழிஞ்சுகொண்டு நிண்டவ. உரல் சத்தம் நிண்டுது. தலையை நீட்டி என்னை ஒருக்காப் பாத்தா. பிறகு திரும்பவும் பிழியத் துவங்கினா. தப்பிச்சன் எண்டு நினைச்சன்.

சகலன் விடேல்லை. அப்ப ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாப் போவம் எண்டார். திங்கட்கிழமை அவைக்குப் பாரிசுக்கு ரெயின். பப்பில நான் ஆரெண்டு தெரியாமல் அவை முழிச்சினமெண்டா அந்தக் கதை திங்கட்கிழமை பின்னேரமே பாரிசில ஓடும். செவ்வாய்க்கிழமை சுவிசுக்குப் போகும். புதன்கிழமை கனடாவில இருந்து என்ர சொந்தத் தமையன் போன் எடுத்துச் சிரிப்பார். சும்மா இருந்த மானத்தை நானே கொண்டுபோய் ஒரு பப்புக்குள்ள அடகு வைச்சிட்டன்.

அதுக்குள்ளயும் ஒரு சின்னச் சந்தோசம் இருந்துது. விருந்தாளியளுக்கு முன்னால மனிசி என்னை ஓட்ஸ் குடியுங்கோ எண்டு சொல்ல ஏலாது. ஒரு முழு ஆட்டிறைச்சி ரோஸ்ட் என்ர பேரில வரும். கொழுப்போட.

சனிக்கிழமை மனிசியைத் தனியக் கூப்பிட்டு வைச்சு வகுப்பெடுத்தன். நான் உள்ளுக்க போய்ச் சாப்பிட்டதில்லை எண்ட உண்மையை அவவுக்கு மட்டும் சொன்னன். மற்றபடி எல்லாம் எனக்குத் தெரியும், என்ன செய்யிறதெண்டு என்னைப் பாத்துப் பாத்துச் செய்தாக் காணும் எண்டன். இங்கிலீசுக்காரர் அமைதியான ஆக்கள். சத்தம் போடப்படாது. எழும்பித் திரியப்படாது. கைதட்டி ஒருத்தரையும் கூப்பிடப்படாது.

"அப்ப சாப்பாடு எப்பிடி வரும்?" எண்டு கேட்டா.

"நீர் பேசாமல் இரும். அவையளா மேசைக்கு வந்து கேப்பினம்."

"ஓமோ," எண்டா மனிசி. அவ்வளவுதான். கையில இருந்த உடுப்பை மடிச்சு வைச்சிட்டுப் போயிட்டா.

ஞாயிற்றுக்கிழமை சரியான குளிர். புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடந்துது. பிள்ளையள் இந்தக் குளிருக்க வரமாட்டம் எண்டு வீட்டில நிண்டிட்டினம். நாங்கள் நாலுபேரும் போனம். நான் கனதரம் ஆக்களை இறக்கின பப்தான், பலகையில ஒரு மான் கீறியிருக்கும். ஒரு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளுக்க போனா, பின்சீற்றுக்காரர் சொன்னதில ஒரு பொய்யும் இல்லை. பெரிய அடுப்பு. என்ர தொடை மொத்தத்தில விறகுக் கட்டையள் எரியுது. தாழ்ந்த கூரை, கறுத்த மரம், இறைச்சி வேகிற மணம். எனக்குக் கண்ணுக்க தண்ணி வந்திட்டுது. இவ்வளவு காலமும் இதைக் காணாமல்தான் வாசலில நிண்டு ஹோர்ன் அடிச்சுக்கொண்டு இருந்தனோ எண்டு நினைச்சன்.

கரையில ஒரு கிழவன் நாயோட இருந்தார். நான் தலையை ஆட்டினன். அவரும் ஆட்டினார். என்ர பழைய கூட்டாளி எண்டு சகலனுக்குச் சொன்னன். பெயர் கேட்டார். எட்வேட் எண்டன். எட்வேட் இல்லாத பப் இங்கிலாந்தில இருக்குமோ?

நெருப்புக்குப் பக்கத்து மேசையில போய் இருந்தம். கோட்டைக் கழட்டினம். காத்திருந்தம்.

கால் மணித்தியாலம் போச்சு. ஒருத்தரும் வரேல்லை. இன்னொரு கால் மணித்தியாலம் போச்சு. எங்களுக்குப் பிறகு வந்தவைக்குச் சாப்பாடு வருது, எங்களைக் கடந்து போகுது. என்ர முன்பக்கம் நெருப்பில வேகுது, பின்பக்கம் கதவால வாற காத்தில விறைக்குது. கிளாஸ் பொறுக்கிற பெட்டையைப் பாத்து நான் புருவத்தைத் தூக்கினன். அவள் வடிவாச் சிரிச்சுப்போட்டு வெறுங்கிளாசுகளோட போயிட்டாள். சகலன் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பாத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, உம்மட ஆக்கள் உம்மை மறந்திட்டினமோ?"

வழமையா வாறவையை அவசரப்படுத்த மாட்டினம், அதுதான் இஞ்சத்தை மரியாதை எண்டன். "ம்" எண்டார். கழுத்தால வேர்வை ஓடுது. நெருப்பாலயோ வெட்கத்தாலயோ தெரியாது. நெஞ்சுவலி எண்டு விழுவமோ எண்டுகூட யோசிச்சன். விழுந்தா மனிசி கொலஸ்ரரோல் எண்டு பிடிச்சுக்கொள்ளுவா, அதாலதான் விழேல்லை.

அந்த நேரம் பாத்து மனிசி எழும்பினா. டொய்லெட்டுக்குப் போட்டு வாறன் எண்டா. எழும்பித் திரியப்படாதெண்டு சொல்லித்தானே கூட்டிவந்தனான், நான் கண்ணால மிரட்டினன். அவ காணாத மாதிரிப் போனா. ஒரு நிமிசத்தில சகலனும் எழும்பி, உள்ளுக்க பத்த விடமாட்டாங்கள், வெளியில ஒரு சிகரெட் பத்திப்போட்டு வாறன் எண்டு போனார். நானும் மச்சாளும் மட்டும் இருந்தம். மச்சாள் நெருப்பைப் பாத்துத் தனக்குள்ள சிரிச்சுக்கொண்டிருந்தா. நல்ல மனிசி, நெருப்பைக் கண்டாலே சந்தோசப்படுறா எண்டு நினைச்சன்.

திரும்பி வரேக்க மனிசியின்ர கையில ஒரு மரக்கரண்டி. அதில பதினாலு எண்டு எழுதியிருந்துது. மேசை நடுவில கிடந்த போத்தலுக்குள்ள அதைக் குத்தி வைச்சிட்டு இருந்தா. பின்னாலயே சகலனும் வந்தார். கரண்டியைச் சுட்டிக் காட்டி இது என்னத்துக்கு எண்டு என்னட்டைக் கேட்டார்.

எனக்கென்ன தெரியும். ஆனா தெரியாது எண்டு சொல்லுறதுக்கோ நான் இவ்வளவு தூரம் வந்தனான்?

"அது அண்ணை, இந்தப் பக்கத்து வழக்கம். நத்தார் காலத்தில மேசைக்கு மேசை அழகுக்கு வைக்கிறது. பதினாலு அதிஷ்ட நம்பர்."

சகலன் நல்லா யோசிச்சுத் தலையை ஆட்டினார். இதெல்லாம் தெரிஞ்சிருக்க வேணும் எண்டார். மச்சாளுக்குத் திடீரெண்டு இருமல் பிடிச்சுது.

இருபது நிமிசத்தில அந்தப் பெட்டை நாலு சாப்பாட்டுக் கோப்பையோட எங்கட மேசைக்கு வந்தாள். சொன்னால் நம்பமாட்டியள், எனக்கு அழுகை வந்திட்டுது. கேக்காமலே சாப்பாடு வந்திட்டுது. என்ர புழுகு பலிச்சிட்டுது. மனிசிக்கு ஒரு பெரிய ஆட்டிறைச்சித் துண்டு, மேல குழம்பு வழியுது. மச்சாளுக்கும் அப்பிடி. சகலனுக்கு இன்னும் பெரிசு. கடைசிக் கோப்பையை எனக்கு முன்னால வைச்சு அந்தப் பெட்டை சிரிச்சாள்.

"உங்களுக்கு வழமையானது, சேர்."

குனிஞ்சு பாத்தன். செங்கல்லு மாதிரி ஒண்டு. கடலை, கச்சான், கண்ட கொட்டையெல்லாம் இடிச்சுப் பிசைஞ்சு சுட்டது. இறைச்சி சாப்பிடாத ஆக்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில இவையள் குடுக்கிற நட் ரோஸ்ட். பக்கத்தில அவிச்ச குட்டி முட்டைக்கோவா ஏழு. குழம்பும் இல்லை.

நான் மனிசியைப் பாத்தன். மனிசி தன்ர கோப்பையைப் பாத்தா. விளங்கிட்டுது, இது கொலஸ்ரரோலின்ர வேலை. ஆனா வாய் திறக்க ஏலுமோ? வழமையானதெண்டு சொன்னவன் நான். பிழையாக் கொண்டுவந்திட்டியள் எண்டு சொன்னா நான் வழமையா வாறவன் இல்லை எண்டு வெளிச்சமாப் போயிடும்.

சாப்பிட்டன். சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிட்டன். மரத்தூளை உப்புப் போடாமல் மெண்ட மாதிரி இருந்துது. சகலன் தன்ர இறைச்சியில ஒரு துண்டு வெட்டி முள்ளுக்கரண்டியில குத்தி எனக்கு நீட்டப் போனார். என்ர கை தன்ர பாட்டில முன்னுக்குப் போச்சு. பிறகு அவர், வேண்டாம், ஒரு மனிசன்ர பழக்கத்தைக் கெடுக்கப்படாது எண்டு தன்ர வாயில வைச்சார்.

"எப்பிடித் தம்பி, ருசியோ?"

"அண்ணை, இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வாறனான்."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சகலன் அந்தப் பெட்டையைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு துண்டு கொண்டுவரச் சொன்னார். அதையும் சாப்பிட்டன்.

வீட்டை வர நாலு மணி. சகலனும் மச்சாளும் உண்ட களையில மேல போய்ப் படுத்திட்டினம். நான் குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்தினன். என்னப்பா நடந்ததெண்டு கேட்டன். மனிசி தேத்தண்ணிக் கோப்பையளைக் கழுவிக்கொண்டே சொன்னா. பப்பில ஓடர் எடுக்க மேசைக்கு ஒருத்தரும் வரமாட்டினம். நாங்கள்தான் பாருக்குப் போய்ச் சொல்ல வேணும். சொன்னா நம்பர் போட்ட கரண்டி தருவினம், அதை மேசையில வைச்சா அந்த நம்பரைப் பாத்துச் சாப்பாடு வரும். உங்கட மரியாதை போகப்படாதெண்டு, இவர் வழமையா வாறவர் மாதிரிக் கதையுங்கோ எண்டு அந்தப் பெட்டையிட்டைச் சொல்லி வைச்சனான் எண்டா.

"உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"பன்ரெண்டு வருசமாப் போறன். எங்கட முதியோர் இல்லத்தில வேலை செய்யிற எல்லாரும் நத்தாருக்கு முந்தி ஒரு பப்பில சாப்பிடுறவை. என்னோட வேலை செய்யிற லலிதாதான் என்னை முதல் கூட்டிக்கொண்டு போனவ. முதல் வருசம் உங்களிட்டைக் கேட்டனான். எங்கட பொம்பிளையள் பப் வாசப்படி மிதிக்கிறதில்லை எண்டியள். அதுக்குப் பிறகு ட்ரெயினிங் எண்டு சொல்லிப்போட்டுப் போறனான்."

ஒவ்வொரு டிசம்பரும் அந்த ட்ரெயினிங்குக்கு என்ர காரில கொண்டுபோய் விட்டது நான்தான். வடிவாப் படியும் எண்டு சொல்லியும் அனுப்பினனான். தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். நெருப்புக்குப் பக்கத்தில ஒரு கதிரையில இருந்து சாப்பிட ஆசைப்பட்ட மனிசியை நான் தடுத்திருக்கிறன். அதே ஆசை எனக்கு வரேக்க ஊர் முழுக்கப் புழுகிப்போட்டன். உண்மையிலயே வெட்கமாப் போச்சு. துவாயை எடுத்து அவ கழுவின கோப்பையளை ஒவ்வொண்டாத் துடைச்சன்.

கடைசிக் கோப்பையைத் துடைக்கேக்கதான் கொஞ்சம் தைரியம் வந்துது.

"சரி, அந்தக் கொட்டைக் கட்டியைக்கூட மன்னிக்கிறன். உம்மட புத்தியால எண்டாலும் உம்மட அத்தான் முன்னால நான் தப்பிச்சனே. அந்த மனிசனுக்கு ஒண்டும் தெரியாது. அது காணும் எனக்கு."

மனிசி தண்ணி ரப்பை மூடினா. கையைத் துடைச்சா. என்னைப் பாக்க அவவுக்கே பாவமா இருந்திருக்க வேணும், குரலை மெல்லமாக்கித்தான் சொன்னா.

"வெள்ளிக்கிழமையே அக்காவுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன், அக்கா அத்தானுக்குச் சொல்லிப்போட்டா. நான் உங்களுக்கும் ஆட்டிறைச்சிதான் சொன்னனான், சிகரெட் பத்தப் போறன் எண்டு பின்னால வந்து அதை மாத்தினது அத்தான்."