பஞ்சலிங்கத்தார் பெண்விடுதலை வழங்கிய வரலாறு

தொண்ணூற்றுநாலாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், அளவெட்டியைச் சேர்ந்த இளைப்பாறிய தலைமைக் கிளாக்கர் பஞ்சலிங்கம் தன் மனைவிக்கு விடுதலை வழங்குவதென்று தீர்மானித்தார்.

அதற்கு முதல் முப்பது வருசமாக அந்த எண்ணம் அவருக்கு வரவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் ஏலாது. அந்த முப்பது வருசமும் அவருடைய முழங்கால் நல்லாயிருந்தது.

விசயம் இதுதான். கரண்ட் போய் நாலு வருசம். பற்றறி என்ற சாமானைக் கடையில் கேட்டால் கடைக்காரன் சிரிப்பான். ஆனபடியால் குடாநாடு முழுக்கச் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிவிட்டு, ஏறி இருந்து மிதிமிதியென்று மிதித்து, டைனமோவில் வருகிற கரண்டிலேதான் றேடியோ கேட்டது. பஞ்சலிங்கத்தாரின் சொந்தச் சைக்கிள் டயர் கிடைக்காமல் கொட்டிலுக்குள் படுத்துவிட்டது. மிச்சம் இருந்தது, கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போன மகள் விட்டுப்போன பொம்பிளைச் சைக்கிள். முன்னுக்குக் கூடை, பின்னுக்குக் கரியர், பக்கத்தில் டைனமோ.

அதில் அவர்தான் ஏறி மிதித்தார். ஆனால் செய்தி வாசிக்கிறவர் மூச்சு விடாமல் வாசிப்பார். இவர் மூச்சு மட்டும் விடுவார். செய்தி முடிய, ஐக்கிய நாடுகள் சபையில் என்ன நடந்தது என்று தெரியாது. தன் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று மட்டும் வடிவாகத் தெரியும்.

இது சின்ன நட்டமில்லை. காலமை எட்டு மணிக்கு வாசிகசாலையின் நீட்டு மர வாங்கில் இருந்துகொண்டு உலகத்தை விளங்கப்படுத்துகிறவர் அவர். கந்தோரில் கீழே வேலை செய்தவர்கள் இப்போது வீதியில் கண்டாலும் எழும்புவதில்லை. அந்த வாங்கு ஒன்றுதான் மிச்சம். அதோடு வாசிகசாலைத் தலைவர் கொழும்புக்குப் போய்விட்டதால் கதிரை காலி. புரட்டாதியில் வருடாந்தக் கூட்டம். செயலாளர் தம்பிஐயா, "எங்களுக்கு அரசியல் தெரிஞ்ச ஒராள் வேணும் அண்ணை" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டான். அப்படிப்பட்ட நேரத்தில் செய்தியைத் தவறவிடலாமோ?

அதனால் பெண்விடுதலை.

"இஞ்சரும் மீனா, நான் ஒரு விசயம் யோசிச்சனான்."

'நீ' என்று கதைக்கிற மனுசன் 'நீர்' என்று தொடங்கினால் ஏதோ வேலை காத்திருக்கிறது என்று மீனாம்பிகைக்குத் தெரியும். தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"என்ன, கால் பிடிச்சு விடவோ?"

"சீச்சீ. பெண்களின்ரை விடுதலையைப் பற்றி."

திருவலை நின்றது. "ஆரின்ரை பெண்கள்?"

"பொதுவாச் சொல்லுறன். நூற்றாண்டு முடியப் போகுது. இன்னும் தொழில்நுட்பம் முழுக்க ஆம்பிளையளின்ரை கையிலை. அநியாயமெல்லே?"

"அநியாயந்தான். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் என்ரை கையிலை தந்திட்டு மிச்சத்தை நீங்கள் வைச்சிருக்கிறியள்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்! இண்டையிலை இருந்து டைனமோ உம்மடை பொறுப்பு."

"பொறுப்பெண்டால்?"

"ஏறி மிதிக்கிறது."

"அப்ப நீங்கள்?"

"நான் கேக்கிறது."

விடுதலைக்கு இத்தனை சுருக்கமான வரைவிலக்கணத்தை எந்த வளாகத்தில் எந்தப் பேராசிரியர் தந்திருக்கிறார்? கருத்தரங்குகளில் நாள்முழுக்க இருந்தவர்களுக்கும் பிடிபடாத விசயம், தேங்காய்ப்பூவுக்குப் பக்கத்தில் இரண்டே வசனத்தில் முடிந்துவிட்டது.

மீனாம்பிகை கொஞ்சம் யோசித்தாள். "அப்ப புதன்கிழமை நாடகமும் கேக்கலாம், என்ன?"

"நாடு கிடக்கிற கிடையிலை நாடகமோ? பாட்டும் நாடகமும் சனத்தை மயக்கிற சாமான். டைனமோ அரசியலுக்கு மட்டும்."

"ஒரு அரை மணித்தியாலம் தானே."

"டைனமோ எரிஞ்சு போடும்."

"செய்திக்கு எரியாதோ?"

"செய்தி பாரம் குறைவு," என்றார் பஞ்சலிங்கத்தார். "நாடகம் கரண்டைக் கூட இழுக்கும்."

மீனாம்பிகை எஸ்.எஸ்.சி.யில் விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தவள். அவர் அதே பாடத்தை மூன்று தரம் எழுதியவர். அவள் ஒன்றும் சொல்லாமல் திருவத் தொடங்கினாள். சத்தம் போடுகிற மனுசி சத்தம் போடாவிட்டால் புருசன்மார் பயப்பட வேண்டும். பஞ்சலிங்கத்தார் சந்தோசப்பட்டார்.

அன்றைக்கே தொடங்கியது. அவர் சாய்மனைக் கதிரையில். அவள் சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிளில். தெற்கில் ஆவணியில் தேர்தல். றேடியோ முழுக்க அதுதான் கதை.

"இந்த முறையும் ஆளுங்கட்சிதான்," என்றார் அவர். "எழுதி வைச்சுக்கொள்ளும்."

"பதினேழு வருசமா ஒரே சமையல்காரன்," என்றாள் அவள் மேலே இருந்து. "சனத்துக்கு வாய் புளிக்காதோ?"

"இது குழம்பில்லை மீனா, அரசியல். உமக்கு விளங்காது. மிதியும்."

றேடியோவின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது.

"என்ன, சத்தம் குறையுது?"

"விளங்காத விசயம் வரேக்கை கால் தன்பாட்டிலை நிக்குதப்பா."

அடுத்தநாள் வாசிகசாலையில் ஆளுங்கட்சிதான் வெல்லும் என்று பஞ்சலிங்கத்தார் அரை மணித்தியாலம் விளக்கினார். ஒருவரும் தலையாட்டவில்லை. பக்கத்து வீட்டு மார்க்கண்டு கொட்டாவி விட்டார். பேச்சு விழுவதைக் கண்டதும் பஞ்சலிங்கத்தார் தொண்டையைச் செருமினார். "ஆனால் ஒண்டு. பதினேழு வருசமா ஒரே சமையல்காரன். சனத்துக்கு வாய் புளிச்சுப் போச்சு."

வாங்கு குலுங்கியது. "ஆகா! அண்ணையின்ரை மூளை!" என்றான் தம்பிஐயா. அன்றிலிருந்து அவர் ஆளுங்கட்சியை வீட்டில் மட்டும் ஆதரித்தார்.

விசயம் இரண்டு நாளில் வேலி தாண்டி வந்தது. கொண்டுவந்தவள் மார்க்கண்டரின் மனைவி பத்மாவதி.

"அக்கா, அண்ணை வாசிகசாலையிலை ஏதோ சமையல்காரன் கதை சொன்னவராம். எங்கடை மனுசன் சாப்பிடேக்கையும் அதைத்தான் சொல்லிச் சிரிக்குது."

"உவருக்குச் சமையலைப் பற்றி என்ன தெரியும்?"

"அதைத்தானக்கா நானும் யோசிச்சனான். சுடுதண்ணி வைக்கவும் தெரியாத மனுசனெல்லே."

மீனாம்பிகை வேலிக்கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். களவு போனது ஒரு வசனந்தான். ஆனால் வீட்டில் 'விளங்காது' என்று சொல்லிவிட்டு, வெளியில் அதையே வைத்து மாலை வாங்குகிறதென்றால்? அதற்குக் காலும் அவளுடையது, வாயும் அவளுடையது, பெயர் மட்டும் அவருடையதோ?

"பத்மா, நீ சைக்கிள் ஓடுவாயெல்லே?"

"ஓமக்கா, பஸ் நிண்டாப் பிறகு பழகினனான். இப்ப ஆர் ஓடாயினம்?"

"எனக்கு மிதிக்கத் தெரியும். விழாமல் இருக்கத்தான் தெரியாது. அதை மட்டும் சொல்லித் தா."

பஞ்சலிங்கத்தார் மத்தியானம் சாப்பிட்டால் ஒன்றிலிருந்து மூன்று மட்டும் நித்திரை. அந்த நேரம் புகையிலைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற செம்மண் ஒழுங்கையில் பத்மாவதி கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மீனாம்பிகையின் கால்கள் நாள்தோறும் உலகச் செய்தியைத் தூக்குகிற கால்கள். அவளையும் கூடையையும் தூக்குவது ஒரு பாரமோ? வளைவுதான் கொஞ்சம் பயம். ஒரு தரம் வேலி, ஒரு தரம் மதகு.

"சைக்கிள் மட்காட்டிலை என்ன கீறல்?" என்று கேட்டார் அவர்.

"ஆடு இடிச்சது."

"உம்மடை முழங்கையிலை?"

"அதே ஆடுதான்."

ஆவணி வந்தது. செவ்வாய்க்கிழமை தெற்கில் வாக்களிப்பு. புதன்கிழமை பின்னேரம் முடிவு கேட்கத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி வாசிகசாலையின் பெரிய தலைகளைப் பஞ்சலிங்கத்தார் அழைத்துவிட்டார். தம்பிஐயா, மார்க்கண்டு, அருளம்பலம் வாத்தியார். முடிவு வர வர இவர் விளங்கப்படுத்த வேண்டும். விளங்கப்படுத்தினால் தலைவர் கதிரை கைக்குள்.

"நாளைக்கு அஞ்சரைக்கு ஏறும்," என்றார் மனைவியிடம். "மூண்டு மணித்தியாலம் எண்டாலும் மிதிக்க வேண்டி வரும். எல்லாருக்கும் தேத்தண்ணியும் வேணும்."

"மிதிச்சுக்கொண்டே தேத்தண்ணியும் ஊத்தவோ?"

"அது உம்மடை கெட்டித்தனம்."

"நாளைக்குப் புதன்கிழமையப்பா. நாடகத்தின்ரை கடைசிப் பகுதி."

"கடைசிப் பகுதியிலை எல்லாரும் அழுவினம். இப்பவே சொல்லிப்போட்டன். முடிஞ்சுது."

மீனாம்பிகை தலையாட்டினாள்.

புதன்கிழமை நித்திரை முடிந்து எழும்பி, முழுகி, வெள்ளை வேட்டி கட்டி, முற்றத்தில் கதிரைகளை அரைவட்டமாகப் போட்டார் பஞ்சலிங்கத்தார். ஐந்தரைக்கு மூவரும் வந்து இருந்தார்கள். "மீனா!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. உள்ளே போனார். குசினியில் கேத்தில் நிறையத் தேத்தண்ணி, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள். அறைக்குள் மேசையில் றேடியோ. றேடியோவிலிருந்து இரண்டு வயர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. சைக்கிள் நின்ற இடத்தில் ஸ்ராண்டின் அடையாளம் மட்டும் இருந்தது.

"என்ன அண்ணை, போடேல்லையோ?" என்றான் தம்பிஐயா வெளியிலிருந்து.

"கொஞ்சம் பொறுங்கோ. தொழில்நுட்பக் கோளாறு."

மார்க்கண்டர் தன் சைக்கிளைத் தரலாம் என்றார். அதில் டைனமோ இல்லை. பஞ்சலிங்கத்தார் முதல் தடவையாகத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றினார். முடிவு வருவதற்கிடையில் உலக நிலைமையைப் பார்ப்போம் என்று ருவாண்டாவில் தொடங்கினார். அருளம்பலம் வாத்தியார் மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஆறுக்குப் பத்து நிமிசம் இருக்கும். படலையடியில் சைக்கிள் மணி அடித்தது.

மீனாம்பிகை நிமிர்ந்தபடி சைக்கிளை ஓடிக்கொண்டு வந்தாள். கரியரில் பத்மாவதி குடையோடு. முற்றத்தில் அரைவட்டம் போட்டு, பிறேக் பிடித்து, கால் ஊன்றி இறங்கினாள். தன் பெண்சாதியைக் கண்ட மார்க்கண்டரின் கைக் கோப்பையிலிருந்து பாதித் தேத்தண்ணி வேட்டியில் ஊற்றுப்பட்டது.

"அக்கா... நீங்களோ ஓடுறது?" என்றான் தம்பிஐயா.

"ஓம் தம்பி. அண்ணைதான் மிதிக்கப் பழக்கினவர்."

பஞ்சலிங்கத்தாருக்கு ஓம் என்று சொல்லவும் ஏலவில்லை, இல்லை என்று சொல்லவும் ஏலவில்லை. "எங்கை போனனீ?" என்றார். 'நீர்' காற்றில் போய்விட்டது.

"சுன்னாகத்துக்கு. பத்மாவின்ரை தங்கச்சி வீட்டிலை கார்ப் பற்றறி இருக்கு. நாடகம் கேட்டனாங்கள். நீங்கள் சொன்னது பிழையப்பா, ஒருத்தரும் அழேல்லை. அது முடிய விசேட செய்தியும் வந்தது."

மூன்று கதிரையும் அவள் பக்கம் திரும்பின.

"என்னவாம் அக்கா?"

"ஆளுங்கட்சி விழுந்திட்டுதாம். ஆனால் வெண்டவைக்கும் தனிய ஆட்சி அமைக்க ஆக்கள் காணாது. சின்னக் கட்சியளைப் பிடிச்சுத்தான் ஏற வேணும்."

"நான் அப்பவே சொன்னனான்..." என்று தொடங்கினார் பஞ்சலிங்கத்தார்.

"என்னெண்டு சொன்னனீங்கள்?" என்று மீனாம்பிகை அன்பாகக் கேட்டாள்.

அவர் கேத்திலைப் பார்த்தார்.

"அப்ப அக்கா, எங்கடை பக்கத்துக்குப் பாதை திறப்பினமோ? தடுத்து வைச்ச சாமான் விடுவினமோ?" என்று கேட்டார் அருளம்பலம் வாத்தியார்.

"முதல் மாதம் மண்ணெண்ணெய் விலை குறையும், வாத்தியார். அதைக் கண்டு நாங்கள் சந்தோசத்திலை புளுகத் தொடங்க, மூண்டாம் மாதம் எங்களைப் பற்றின கதை குறையும். வாறவை ஆரெண்டு பாக்கிறதிலும் பாக்க, வந்தவை ஆரோடை சேருகினம் எண்டு பாருங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. தம்பிஐயா தன் கதிரையை அவளுக்கு விட்டுவிட்டு நிலத்தில் குந்தினான். ஆறு மணிச் செய்தி தொடங்கப் போகிறது. றேடியோ முற்றத்துக்கு வந்தது. சைக்கிள் ஸ்ராண்டில் ஏறியது. கதிரையில் இருந்தவள் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் எல்லாரும் பஞ்சலிங்கத்தாரைப் பார்த்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

செய்தி முடியத் தம்பிஐயா எழும்பினான். "அக்கா, வாற மாதம் வருடாந்தக் கூட்டம். தலைவர் பதவிக்கு உங்கடை பேரைத்தான் போடப் போறன். மாட்டன் எண்டு சொல்லக் கூடாது."

சைக்கிள் சில்லு நின்றது.

"அப்ப நான்?" என்று மேலே இருந்து ஒரு இளைத்த குரல் கேட்டது.

"நீங்களும் கட்டாயம் வரவேணும் அண்ணை," என்றான் தம்பிஐயா ஆறுதலாக. "அக்காவின்ரை கரியரிலை இடம் இருக்குத்தானே."