வெள்ளை பேனரில் கலியன் அண்ணன்

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் பார்த்திபன் அவர்களுக்கு, குப்புராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கை கல்பனாவும் மகள் நர்மதாவும் சுகம். ஆர்.கே.பேட்டையில் தாங்களும் குடும்பத்தாரும் பயிர்பச்சையும் சுகமாயிருக்கப் பெரியபாளையத்து அம்மனை வேண்டிக்கொள்கிறேன். என் அண்ணன் கலியன் மறைவுக்குத் தாங்கள் அனுப்பிய இரங்கல் செய்தி கிடைத்தது. அண்ணனும் படித்தார். ரொம்ப நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். அவர் உயிரோடுதான் இருக்கிறார். இன்று காலைகூட சட்னியில் உப்பு இல்லை என்று அண்ணியிடம் சண்டை போட்டார்.

இத்தனைக்கும் காரணம் தங்கள் மருமகள் நர்மதாதான். பிளஸ் டூ முடித்த கையோடு கிராபிக் டிசைன்தான் படிப்பேன் என்று நின்றாள். பிள்ளை இஷ்டத்துக்கு விடுங்கள் என்று போனில் நீங்களும் சொன்னீர்கள். நானோ ஸ்டீல் கம்பெனியில் லாரிக்கு எடை போடுகிறவன். சிப்காட் தொழிற்பேட்டையில் எந்த கேட்டிலும் டிசைனருக்கு ஆள் தேவை என்று போர்டு பார்த்ததில்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்துவிடு என்று எவ்வளவோ சொன்னேன். கடைசியில் ஒரு பந்தயம் ஆயிற்று. அண்ணன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு அவளே பேனர் செய்ய வேண்டியது. அது ஊரில் எடுபட்டால் டிசைன் காலேஜ், எடுபடாவிட்டால் டிப்ளமோ. அவளும் சரி என்றாள்.

புதுமனை பேனர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா மச்சான். வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில் செல்போனைக் காதில் வைத்தபடி நிற்பார், பின்னால் ஒரு சிங்கம் நிற்கும், கீழே சொந்தக்காரர்கள் தலையெல்லாம் ஸ்டாம்பு சைஸில் வரிசையாக இருக்கும், எவன் தலை விட்டுப்போனாலும் அவன் பந்தியில் கை நனைக்காமல் போய்விடுவான். இவள் என்ன செய்தாள் என்றால், பத்தடிக்கு எட்டடி பேனரை வெறும் வெள்ளையாக விட்டு, வலது கீழ் மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு கதவு வரைந்து, பக்கத்தில் 'வாங்க' என்று மட்டும் போட்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் திருவள்ளூருக்கு பஸ் ஏறிப் போய் ஒரு டிசைன் வகுப்பில் உட்கார்ந்து வருகிறாள் அல்லவா, அங்கே சொன்னார்களாம், காலி இடம்தான் டிசைனுக்கு மூச்சு என்று. பிரிண்ட் போடுகிற கடைக்காரர் பைல் பாதிதான் வந்திருக்கிறது என்று எனக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தார். காலி லாரியையும் தினம் எடை போடுகிறவன் நான். காலியாக இருப்பதற்குப் படிப்பு ஒன்று உண்டென்று என்னிடம் எந்த டிரைவரும் சொன்னதில்லை.

விடியற்காலையில் பேனரைக் கட்டியதும் அண்ணன் வந்து பார்த்தார். ஊட்டுக்காரன் மூஞ்சி எங்கே என்று கேட்டார். மூஞ்சி வேண்டாம் பெரியப்பா, கதவு போதும் என்றாள் இவள். அவருக்கு வந்ததே கோபம். நேராக உள்ளே போய், ஹாலில் மாட்டுவதற்காக பிரேம் போட்டு வைத்திருந்த தன் போட்டோவைக் கொண்டுவந்து பேனருக்கு நட்டநடுவில் கட்டிவிட்டார். சிரிக்காத போட்டோ. வாசலுக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த ஆள், ஒரு ரோஜா மாலை மிச்சம் இருக்கிறதே என்று அதை பிரேமுக்குப் போட்டுவிட்டுப் போனார். யாரும் கவனிக்கவில்லை மச்சான், எல்லோரும் பால் காய்ச்சுவதில் இருந்தோம். வெளியே வெள்ளைத் துணி, நடுவில் அண்ணன், கழுத்தில் மாலை. சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒன்றுதானே. ரோட்டில் போன எவனோ அதை போட்டோ பிடித்து வாட்ஸப்பில் போட்டிருக்கிறான். அப்படித்தான் உங்களுக்கும் வந்திருக்கும்.

அப்புறம் நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. மொய்க் கவர் எடுத்துவர வேண்டியவர்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். அண்ணன் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து ரோட்டிலேயே மௌன அஞ்சலி செலுத்தினார்கள். ஹோமப் புகையில் கண் சிவந்து வெளியே வந்த அண்ணனை ஒரு பெரியவர் கட்டிக்கொண்டு, "தம்பியா நீ? அப்டியே அண்ணன உரிச்சு வெச்சிக்கினு கீறியே" என்று அழுதார். நான்தான்யா அது என்று அண்ணன் சொன்னால், துக்கத்தில் பேதலித்துவிட்டது என்று தட்டிக்கொடுக்கிறார்கள். கோபூஜைக்கு வந்த பசுவைப் பார்த்துவிட்டு, காரியம் முடிவதற்குள்ளேயே தானம் கொடுக்கிறீர்களா என்று ஒருவர் ஐயரிடம் விசாரித்தார். வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக அண்ணன் முகம் பார்க்காத பக்கத்து நிலத்து ஜெகன் இருக்கிறானே, அவன் ஓடி வந்து பேனரின் கீழே விழுந்து, உன் வரப்பை நீயே வெச்சுக்கோ அண்ணா என்று கதறினான். நிமிர்ந்தபோது அண்ணன் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஜெகனைத் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

சாயங்காலம் நான் நர்மதாவைக் கூப்பிட்டு, பந்தயத்தில் தோற்றுவிட்டாய், நாளைக்கே டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போடு என்றேன். அவள் அழவில்லை, பேனரை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"எதிர்த்தெருவுல காதுகுத்து பேனர் கீது நைனா, அறுபது தல போட்டு. அத ஒருத்தராவது நின்னு பாத்தாங்களா? இத ஊரே நின்னு பாத்துச்சு. நான் தோக்கல."

பெற்றவனுக்குக் கவலை இருக்காதா மச்சான், இந்தப் பெண் நாளைக்கு எதை வைத்துப் பிழைக்கும் என்று. கல்பனா சொல்லியும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். ஆகவே தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வந்து, அவள் தோற்றுவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லி டிப்ளமோவில் சேர்த்துவிட வேண்டும். பெரியோருக்கு என் நமஸ்காரம், சின்னதுகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் முழங்கால் வலிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
குப்புராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அண்ணன் வந்துவிட்டார். நர்மதாவைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "செத்தாத்தான் இவ்ளோ பேரு அழுவாங்கன்னா, அத உசுரோட இருக்கசொல்லவே எனக்குக் காட்டுன பொண்ணுடா இது" என்றார். அவ்வளவுதான், அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் டிசைன் காலேஜில் சேர்த்துவிட்டு வந்துவிட்டார். நானும் பின்னாலேயே போய்க் கையெழுத்துப் போட்டேன். எனவே புத்தி சொல்ல நீங்கள் வர வேண்டாம். ஆனால் தை மாதம் நான் ரிடையர் ஆகிறேன். எனக்கும் அதே மாதிரி வெள்ளையில் ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறேன். போட்டோகூட எடுத்தாயிற்று, சிரிக்கவில்லை. அதற்கு அவசியம் வரவும், வாசலில் கொஞ்சம் சத்தமாகவே அழவும்.