ஒரு தட்டு என்றால் ஆமாம்

வியாழக்கிழமை காலை மெக்கானிக்கின் மனைவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தனியாகவே டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். காலண்டர் தாளைக் கிழித்து, அதன் முதுகில் எழுதிக் காட்டினாள்: ‘ஒரு வாரம் பேசக் கூடாதாம்.’

முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள மெக்கானிக் ரொம்பப் பாடுபட்டார். தையல் மெஷின் ரிப்பேர் பண்ணுகிறவர் அவர். எவ்வளவு துருப்பிடித்த மெஷினையும் வாயடைக்க வைத்திருக்கிறார். வீட்டில் மட்டும் அந்தக் கைவேலை செல்லாது. அவர் ஊசியில் நூல் கோப்பதற்குள் அவள் தைத்து, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்புவாள். முப்பத்தொரு வருஷமாக அவர் தொடங்கிய எந்தப் பேச்சையும் அவர் முடித்ததில்லை.

இப்போது கடவுளே கதவைத் திறந்துவிட்டார். மனதில் மூட்டை மூட்டையாகக் கிடந்த குறைகளை இந்த ஒரு வாரத்தில் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்ப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

முதல் முயற்சி அன்று மதியம் நடந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையைக் கனைத்து, “கல்யாணமான மூணாம் மாசம் நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?” என்று ஆரம்பித்தார். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். இரண்டாம் முயற்சியின்போது மிக்ஸி ஓடியது. மூன்றாம் முயற்சியின்போது மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போனவள் இருட்டும் வரை இறங்கி வரவில்லை. வாயை மூடிவிட்டால் போதாது, காலையும் கட்டியாக வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது.

சனிக்கிழமை காலை பேப்பருக்கு அடியில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. ஊருக்கு வெளியே கடல் உள்ளே வளைந்திருக்கும் குடாவில் படகு விடுகிறார்களாம். கயாக் என்று பெயர். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடலாம். தனியாகப் போகிறவர்களுக்குப் பலகை உண்டு, அதன் மேல் நின்றுகொண்டே போகலாம். இடுப்பளவு ஆழம், அலை கிடையாது, முதல் தடவை வருகிறவர்களும் பயப்பட வேண்டாம்.

மெக்கானிக் நோட்டீஸைக் கை நீட்டிப் பிடித்து இரண்டு முறை படித்தார். நாலு பக்கமும் தண்ணீர். குழாய் இல்லை, மிக்ஸி இல்லை, மாடி இல்லை. எழுந்து எங்கே போவாள்?

நாளைக்குப் போவோமா என்று கேட்டார். நல்ல காற்று தொண்டைக்கு இதம் என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் தாளில் எழுதினாள்: ‘உங்க இஷ்டம்.’

முப்பத்தொரு வருஷத்தில் அவள் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னதே இல்லை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருக்கிறவனுக்குச் சந்தேகம் எங்கே வரும்?

குடாவை மூன்று பக்கமும் குன்று அணைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரிக் கிடந்தது. கழுத்தில் விசில் மாட்டிய பயிற்சிக்காரப் பெண் மெக்கானிக்குக்கு மிதவைச் சட்டையை மாட்டி இறுக்கினாள். முன்னால் உட்காருகிறவர்தான் துடுப்பின் வேகத்தை முடிவு பண்ணுவார், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துப் போட வேண்டும் என்றாள். வீட்டில் கிடைக்காத பதவி தண்ணீரில் கிடைத்தது. மெக்கானிக் முன்னால் ஏறிக்கொண்டார்.

“ஆனா சார், முன்னால இருக்கறவர் திரும்பவே கூடாது. திரும்பினா படகு கவிழ்ந்துடும்” என்றாள் அவள்.

மனைவி பின்னால் நின்று அவர் தோளைத் தட்டினாள். அவர் கடலைப் பார்த்தபடியே சட்டம் போட்டார். “நான் கேட்கறதுக்குத் துடுப்பால படகுல தட்டு. ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்ல. புரிஞ்சுதா?”

கொஞ்ச நேரம் தண்ணீர் சலசலத்தது. படகின் பின்பக்கம் நன்றாக அமிழ்ந்தது. அப்புறம் ஒரு தட்டு கேட்டது. காலையில் இவ்வளவா சாப்பிட்டாள் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

கரையை விட்டு விலகியதும் அவர் மூட்டையை அவிழ்த்தார். கல்யாணமான மூன்றாம் மாசத்திலிருந்து தொடங்கினார். தன்னுடைய பழைய சாய்வு நாற்காலியைக் கேட்காமலே யாருக்கோ தூக்கிக் கொடுத்ததைச் சொன்னார். தான் சொல்ல ஆரம்பிக்கும் ஜோக்குகளின் கடைசி வரியை அவள் முந்திக்கொண்டு சொல்வதைச் சொன்னார். பின்னாலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு விழுந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். மெக்கானிக்குக்கு மார்பு விரிந்து, மிதவைச் சட்டை இறுகியது.

ஆனால் எதிர்ப்பேச்சு இல்லாத இடத்தில் குறை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கால் மணி நேரத்தில் மூட்டை காலி. அடியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அவளுடைய அண்ணன்.

அண்ணன் டெய்லர். ஒரு காலத்தில் அவரும் மெக்கானிக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சீட்டாடுவார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு விசேஷ வீட்டில் முப்பது பேர் மத்தியில் டெய்லர் சொன்னார்: “எங்க மாப்பிள்ளை ரிப்பேர் பண்ணின மெஷின் நல்லாத் தைக்கும். நம்ம கொடுக்கற துணியைத்தான் தைக்காது.” முப்பது பேரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அன்றோடு டெய்லர் வீட்டு வாசலை மெக்கானிக் மிதிக்கவில்லை, டெய்லரைத் தன் வாசலை மிதிக்கவும் விடவில்லை. அவள் அண்ணனைப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுத்தான் போவாள். போய் வந்த நாளில் இரண்டு கண்ணும் சிவந்திருக்கும். அவர் பார்ப்பார். பார்க்காத மாதிரி இருப்பார்.

“உங்க அண்ணன் அன்னைக்கு அப்படிப் பேசினது தப்புதானே?” என்று கேட்டார்.

பின்னால் துடுப்பு நின்றுவிட்டது. நெடுநேரம் கழித்து, மெதுவாக ஒரு தட்டு.

இந்த ஒரு தட்டுக்காக மெக்கானிக் பதினோரு வருஷம் காத்திருந்திருக்கிறார். அது கிடைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்திலிருந்து வேறு என்னவோ எழுந்து வந்தது.

“தப்புதான். ஆனா பொய் இல்ல” என்றார். “அவர் மெஷின்ல ஊசியை நான்தான் தப்பா மாட்டினேன். அப்பவே எனக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சிடுச்சு. ஊசிக் காது தெரியல. தடவிப் பார்த்து மாட்டினேன். கண்ணு தெரியாத மெக்கானிக்குன்னு சொன்னா யாரு வேலை கொடுப்பா? உன்கிட்டகூடச் சொல்லல. அதைப் போய் முப்பது பேர் முன்னால சொல்லிட்டாரே.”

தட்டு இல்லை.

“அவர் ஒரே ஒரு தடவை வந்து வாசல்ல நின்னு மாப்பிள்ளைன்னு கூப்பிட்டிருந்தா கதவைத் திறந்திருப்பேன். அவரோட ஆடினதுக்கப்புறம் நான் சீட்டையே தொடலை, தெரியுமா? இதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே.”

கண் கரித்தது. துடைக்கலாமென்றால் இரண்டு கையிலும் துடுப்பு. அந்த நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து ஒரு பலகை வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் மேல் ஒரு பெண்பிள்ளை, சமையலறைத் தரையில் நிற்பதுபோல நின்றுகொண்டு துடுப்புப் போட்டாள். மெக்கானிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மங்கின கண்ணானாலும் முப்பத்தொரு வருஷம் பார்த்த முகம் தெரியாமல் போகுமா?

“இப்படிக் குனிஞ்சு போடாதீங்க, ராத்திரி இடுப்பு பிடிச்சுக்கும்” என்றாள் மனைவி, மணி அடித்த மாதிரிக் கணீரென்ற குரலில். சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

மெக்கானிக் உறைந்துபோனார். முன்னால் போகிறவள் மனைவி என்றால் பின்னால் இருப்பது யார்? திரும்பினால் படகு கவிழும். கடலைப் பார்த்தபடியே, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

“பின்னால... டெய்லரா?”

ஒரு தட்டு.



“முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார் மெக்கானிக்.

“வாயைத் திறந்தா நீங்க குதிச்சிடுவீங்கன்னு தங்கச்சி சொன்னா, மாப்பிள்ளை. உங்களுக்கு நீச்சல் தெரியாதே” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதுவும் கட்டிக்கொண்ட குரல். இது நிஜமாகவே கட்டியிருந்தது. “கண்ணு விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என் நாக்கை நானே தைச்சிருப்பேன்.”

“எந்த மெஷின்ல?” என்றார் மெக்கானிக்.

டெய்லர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. கவிழ்ந்தால் கவிழட்டும் என்று மெக்கானிக் திரும்பிவிட்டார். படகு கவிழவில்லை. பக்கத்துப் படகுகளில் முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் பின்னால் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டு போவது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அந்த விதி குடாவிலேயே ஒருவருக்கு மட்டும் போட்ட விதி. எதிரே டெய்லர், நரைத்துப்போய், கண்ணும் மூக்கும் ஒழுக உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் துடுப்புதான்.

கரைக்கு வரும்போது இரண்டு துடுப்பும் ஒன்றாக விழுந்தன. மனைவி முன்பே வந்து பலகையைச் சாய்த்துவிட்டு, ஒரே துண்டில் முதலில் அண்ணன் முகத்தையும் அடுத்து இவர் முகத்தையும் துடைத்தாள். டெய்லர் அன்று மதியம் வீட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. யார் முடிவு செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மெக்கானிக் மனைவியை ஓரமாக இழுத்துப் போனார்.

“பலகையில வந்தப்போ எல்லாம் கேட்டிருப்பே. நான் கண்ணு கலங்கினது, ஊசி விஷயம், எதையும் வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதே.”

அவள் கரையைக் கண்ணால் காட்டினாள். மணலில் நின்ற இருபது இருபத்தைந்து பேரும் மெக்கானிக்கையே பாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் சொல்றதுக்கு இனிமே யாருங்க பாக்கி? அலை இல்லாத தண்ணில பேசினா கரை பூரா கேட்கும்.”